ஆக்கியோன் உரிமையும் வலியோர் வழக்கும்

பிறனுக்குரிய பொருளை அவன் அறியாமற் கவர்ந்துகொள்வது களவு என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஒருவனுடைய மாட்டை மற்றொருவன் ஓட்டிச் சென்றால், உரியவன் கொட்டில் வெறிதாகின்றது; கவர்ந்தவன் கொட்டில் நிறைகின்றது. இழப்பு இன்னதென்பது கண்ணுக்குத் தெரிகின்றது. ஆயின், ஒருவன் தன் மதியினாற் கண்டுபிடித்த உபாயம் ஒன்றை மற்றொருவன் எடுத்தாள்வானாயின், முன்னவனிடத்து அவ்வுபாயம் முன்போலவே இருக்கின்றது. அவன் அறிவில் ஓர் அணுவளவேனும் குறைந்திலது. அங்ஙனமாயின், அவன் இழந்தது யாது? எடுத்தவன் செய்தது களவாகுமா? இவ்வினா நீதிமன்றத்தாருக்கு மாத்திரம் உரியதன்று. மாணவருக்கு உண்மையையும் நேர்மையையும் போதிக்குங் கடன் பூண்ட ஆசிரியர் யாவரும் ஆராய்தற்குரியது. ஆதலால், இதனை ஓர் உண்மைச் சரித்திரத்தைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, மோட்டார் வண்டித் தொழிலுக்குத் தலைநகர் போல விளங்கிய டெற்றொயிற் நகரத்தில், றொபேட் கேர்ன்ஸ் என்னும் பொறியியலறிஞர் ஒருவர் இருந்தார். 1927ஆம் ஆண்டிற் பிறந்த இவர், அந்நகரத்து வேயின் அரசுப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்பித்த ஆசிரியர். 1953ஆம் ஆண்டில், தமது திருமண நாளிரவு, மதுப்புட்டியின் அடைப்பான் தெறித்துப் பட்டதனால் இவரது இடக்கண் பெரும்பாலும் பார்வை இழந்தது. அத்தகையவர்க்கு மழைக்காலத்தில் வண்டி செலுத்துதல் எளிதன்று. அக்காலத்து வண்டிகளிலே முன்கண்ணாடியைத் துடைக்குங் கருவி இடையீடின்றி இயங்குவது. பெருமழைக்கு அது தக்கதே. தூறல் மழையிலோ, துடைத்தற்கு நீரில்லாத கண்ணாடியை அது தேய்த்துக் கீச்சிட்டுப் பார்வையைக் கலக்கும். கேர்ன்ஸ் கண்ணிமையின் இயல்பை நினைந்தார். இமையானது ஓயாது அடித்துக்கொண்டிருப்பதில்லை. சிறிது பொறுத்து ஒருமுறை இமைத்துப் பின் ஓய்கின்றது. துடைப்பானும் அங்ஙனம் இமைத்தாலென்ன என்பதே அவருக்கு உதித்த எண்ணம்.

எண்ணம் உதித்தல் எளிது. அதனைக் கருவியாக்குதல் அரிது. கேர்ன்ஸ் அமைத்த முறை இது: மின்சாரம் ஒரு தடையின் வழியாகச் சிறிது சிறிதாக ஒரு மின்தேக்கியிற் சேரும். சேர்ந்த மின்னழுத்தம் ஓர் அளவை எட்டியதும், டிரான்சிஸ்டர் என்னும் சிறு உறுப்பு வழிதிறக்கும். மோட்டார் துடைப்பானை ஒருமுறை இயக்கி ஓயும். மின்தேக்கி மீளவும் நிறையத் தொடங்கும். துளித்துளியாக நிறைந்து, நிறைந்தவுடன் தானே சாய்ந்து வெறுமையாகும் ஓர் ஏனத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். தடையின் அளவை மாற்றினால், இமைப்புக்கு இமைப்பு உள்ள இடைவேளை நீளும், குறுகும். இம்முறைக்கு அவர் 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆக்கவுரிமை வேண்டி விண்ணப்பித்து, 1967ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதனைப் பெற்றார்.

ஆக்கவுரிமை என்பது யாதென்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். புதியதோர் உபாயங் கண்டவன் அதனை மறைத்து வைப்பானாயின், அஃது அவனோடு மாய்ந்தொழியும். அவ்வாறு மாயாமல், அவன் அதனைப் பிறரும் படித்துச் செய்யத்தக்க வகையில் எழுதி அரசினரிடம் ஒப்புவிக்க, அரசினர் அதனை வெளியிட்டு, வரையறுத்த காலம் வரைக்கும் அவன் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யலாகாதென்று காவல் செய்வர். காலங் கழிந்தபின் அது ஊர்க்கிணற்று நீர்போல யாவர்க்கும் பொதுவாம். இத்தகைய சட்டம் 1474ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகரத்தில் இயற்றப்பட்டது. 1624ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம் புத்தாக்கங்களுக்கு 14 ஆண்டு காவல் அளித்தது. கேர்ன்ஸ் உரிமை பெற்ற காலத்து அமெரிக்கச் சட்டம், உரிமை வழங்கிய நாள் முதல் 17 ஆண்டு அளித்தது. ஆகவே, இது தனியொருவனுக்கும் உலகத்துக்கும் இடையே நிகழும் ஓர் உடன்படிக்கை. நீ மறையாது சொல்வாயாக, யாம் சிலகாலம் உன்னைக் காப்போம் என்பதே அதன் சாரம். கேர்ன்ஸ் தமது பங்கை நிறைவேற்றினார். உலகம் தனது பங்கை நிறைவேற்றியதா என்பதே பின்னர் எழுந்த வழக்கு.

1963ஆம் ஆண்டிலே, தாம் செய்த துடைப்பானை அவர் போர்ட் கம்பனிப் பொறியியலாளர்க்குக் காட்டினார். அவர்கள் விரும்பிப் பார்த்துப் பல வினாக்கள் வினவினர். பழுதின்றி 30 இலட்சம் முறை இயங்குதல் வேண்டுமென்றனர். கேர்ன்ஸ் தமது வீட்டு நிலவறையில் அச்சோதனையையும் நடத்தினார். தாமே ஒரு தொழிற்சாலை நிறுவி, அக்கம்பனிக்குத் துடைப்பான்கள் செய்து வழங்குதல் வேண்டுமென்பது அவரது பேரவா. சிறிது காலத்துள் கம்பனியார் அவரோடு கொண்ட தொடர்பை விட்டனர். 1969ஆம் ஆண்டில், இடைவிட்டு இயங்குந் துடைப்பான் அக்கம்பனியின் வண்டிகளில் வந்தது. பிற கம்பனிகளின் வண்டிகளிலும் பின்னர் வந்தது. 1976ஆம் ஆண்டில், ஜேர்மனிய மெர்சிடிஸ் வண்டிக்குரிய துடைப்பானுறுப்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்த கேர்ன்ஸ், தமது அமைப்பே அதனுள் இருக்கக் கண்டார். மனம் நிலைகுலைந்து சில வாரம் மருத்துவமனையிற் கிடந்தார். பின்னர்த் தேறி, 1978ஆம் ஆண்டில் போர்ட் கம்பனியின் மீதும், 1982ஆம் ஆண்டிற் கிறைஸ்லர் கம்பனியின் மீதும், தொடர்ந்து பிற கம்பனிகள் பலவற்றின் மீதும் வழக்குத் தொடுத்தார்.

இனி, இவ்வழக்கில் எழுந்த மறுப்புக்களையும், இத்தகைய வழக்குகளிற் பொதுவாக எழும் மறுப்புக்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

போர்ட் கம்பனியார் கூறிய மறுப்புக்களுள் முதன்மையானது, கேர்ன்ஸ் செய்த கருவியிற் புதிய உறுப்பு ஒன்றேனும் இல்லை என்பது. தடையும் மின்தேக்கியும் டிரான்சிஸ்டரும் விலைக்குக் கிடைப்பன. அறிந்தவற்றை அறிந்தவற்றோடு சேர்த்தவனுக்கு உரிமை ஏது என்பது அதன் கருத்து. இது முதற்கண் வலியுடையது போலத் தோன்றினும், ஆராய்வார்க்கு நில்லாது. சுக்கும் மிளகும் திப்பிலியும் எந்தக் கடையிலும் உள்ளன. இன்ன நோய்க்கு இன்ன அளவிற் சேர்த்து இன்ன பக்குவத்திற் காய்ச்சுக என்று கண்ட வைத்தியனுடைய அறிவு எந்தக் கடையிலும் இல்லை. உறுப்புக்கள் பொது, சேர்க்கை சிறப்பு. புதிய உறுப்பைப் படைத்தவனே ஆக்கியோன் எனின், உலகத்தில் ஆக்கியோன் என்று சொல்லத்தக்கார் மிகச் சிலரே ஆவர்.

இதனோடு ஒட்டிய மற்றொரு கருத்தும் கவனித்தற்குரியது. 1941ஆம் ஆண்டில், வண்டியிற் சுருட்டுப் பற்றவைக்குங் கருவி பற்றிய ஒரு வழக்கிலே, அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆக்கவுரிமைக்கு உரிய புத்தாக்கம் மேதையின் மின்னற்பொறி போல வெளிப்படுதல் வேண்டும், தொழிற்றிறமை மாத்திரம் போதாது என்னுங் கருத்துப்படத் தீர்ப்புக் கூறிற்று. 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமோ, ஓர் ஆக்கம் எவ்வாறு தோன்றியதென்பதைக் கொண்டு அதன் உரிமை மறுக்கப்படலாகாதென விதித்தது. பிந்தியதே அறத்தோடு பொருந்துவது என்பது நமது துணிபு. ஒரு நொடியில் உதித்ததாயினும், பன்னாள் நிலவறையிற் பட்ட பாட்டினால் விளைந்ததாயினும், ஆக்கம் ஆக்கமே. வகுப்பிலே விரைந்து விடை கூறும் மாணவனை மாத்திரம் வியந்து, முயன்று முயன்று அவ்விடையை அடையும் மாணவனை மறந்துவிடும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு.

இரண்டாவது மறுப்பு, அறிவு யாவர்க்கும் பொது. அதனை ஒருவன் தனதென்று வேலியடைத்தல் உலோபம் என்பது. கொடுக்கக் குறையாத பொருள் அறிவு என்பதை ஆசிரியர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், கொடையாவது உடையவன் மனமுவந்து கொடுப்பது; உடையவன் அறியாமல் எடுத்துக்கொண்டு, அதற்குக் கொடை என்று பெயரிடுதல் கூடாது. சுவீடன் நாட்டு வொல்வோ கம்பனியிலே நில்ஸ் போலின் என்பவர் 1959ஆம் ஆண்டில், மூன்று இடங்களிற் பொருந்தும் இருக்கைப் பட்டியை ஆக்கினார். அது விபத்திலே உயிர் காப்பதாகலின், அக்கம்பனி தனது ஆக்கவுரிமையைப் பிற கம்பனிகளும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. அது கொடை; உலகம் அதனைப் போற்றுகின்றது. அக்கொடை கொடையாதற்குக் காரணம், கொடுத்தவர்க்கு உரிமை இருந்ததேயாம். ஆதலால், உரிமையை ஒப்புக்கொள்ளுதல் கொடைக்குப் பகையன்று. கொடைக்கு அதுவே நிலைக்களம்.

மூன்றாவது, ஆக்கவுரிமை என்பதே செல்வர் கையில் ஆயுதம். அதனைப் போற்றுதல் தகாது என்பது. இதில் உண்மை ஒரு பங்கு உண்டு. ஜோர்ஜ் செல்டன் என்பவர் 1879ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிக்கு ஆக்கவுரிமை வேண்டி விண்ணப்பித்து, விண்ணப்பத்தைத் திருத்தித் திருத்தி நீட்டி, 1895ஆம் ஆண்டிலேயே உரிமையைப் பெற்றார். அக்காலம் வரைக்கும் அவர் ஒரு வண்டியேனும் செய்து ஓட்டியவரல்லர். அவ்வுரிமையைக் கைக்கொண்ட வண்டிக் கம்பனிகள் 1903ஆம் ஆண்டில் ஒரு சங்கமாகக் கூடி, வண்டி செய்வோர் யாவரும் தமக்கு இறை செலுத்துதல் வேண்டுமென்றன. மறுத்தவருள் ஒருவர் ஹென்றி போர்ட். 1909ஆம் ஆண்டில் அவர் தோற்றார். தளராது மேன்முறையீடு செய்து, 1911ஆம் ஆண்டில், தமது வண்டிகள் அவ்வுரிமையை மீறவில்லை என்னுந் தீர்ப்பைப் பெற்றார். அங்கே உரிமைப் பத்திரம் வலியோர் கையில் இருந்தது. எதிர்த்து நின்றவர் பக்கமே நியாயம் இருந்தது. அவர் நிறுவிய கம்பனியே பல ஆண்டு கழிந்தபின், தனியொருவர் காட்டிய உரிமைப் பத்திரத்தின் முன் வலியோர் நிலையில் நின்றது. ஆகவே, பத்திரத்தை வைத்திருப்பவன் எவன் என்று பார்த்து நீதி காண்டல் இயலாது. உழைத்தவன் எவன், உழைப்பின் பயனை உலகத்துக்கு மறையாது வைத்தவன் எவன் என்று பார்த்தே காணல் வேண்டும்.

நான்காவது, எம்மவரும் அதே காலத்தில் அதே பொருளை ஆராய்ந்தனர் என்பது. இதனையும் நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். ஒரே தேவை பலருடைய உள்ளத்தில் ஒரே எண்ணத்தை எழுப்புதல் இயல்பு. போர்ட் கம்பனியார் வேண்டுமென்றே உரிமையை மீறினர் என்று நடுவர் குழுவினரும் கொள்ளவில்லை. ஆதலால், அவரைக் கள்வரென்று நாம் துணிந்து கூறுதல் முறையன்று. ஆயினும், அறியாது மிதித்த வயலை அறிந்தபின்னும் மிதித்துக்கொண்டே செல்பவனுக்கு அறியாமை துணையாகாது. இவ்வரம்பு என்னுடையதென்று ஒருவன் முன்வந்து சொல்லும்போது, அதனை அப்பொழுதே நேர்மையாக அளந்து பார்த்தல் வலியோர்க்குக் கடன். பிழை தொடக்கத்தில் உளதோ இலதோ, பன்னிரண்டு ஆண்டு வழக்கு நீண்டதில் உளது.

வழக்கின் முடிபு வருமாறு. 1990ஆம் ஆண்டில், கேர்ன்சின் உரிமை செல்லும் என்றும், போர்ட் கம்பனி அதனை மீறியது என்றும் நடுவர் குழு கண்டது. கம்பனியார் 1 கோடியே 2 இலட்சம் டொலர் கொடுத்து இணங்கினர். கிறைஸ்லர் வழக்கிலே கேர்ன்ஸ் தாமே தமக்கு வழக்கறிஞராகி நின்று, சாட்சிகளை வினவி வாதாடினார். 1992ஆம் ஆண்டில் அங்கும் வென்றார். 1995ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அக்கம்பனியின் முறையீட்டை ஏற்க மறுத்தது. வட்டியோடு ஏறக்குறைய 1 கோடியே 87 இலட்சம் டொலர் அவருக்குக் கிடைத்தது. ஆயின், அவர் பெரிதும் வேண்டியது பணமன்று. கம்பனிகள் தமது அமைப்பைச் செய்யாவண்ணம் தடுத்தல் வேண்டும், தாமே அதனைச் செய்தல் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். நீதிமன்றம் அதனை அளித்திலது. அளித்தல் இயலவும் இல்லை. ஏனெனில், வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே உரிமைக் காலங் கழிந்துவிட்டது. உரிமையைக் கேட்டவர்க்கு விலை கிடைத்தது.

இப்பொழுது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காணலாம். அறிவைப் பிறர் எடுத்தால், உரியவன் இழப்பது யாது? ஒருவன் ஒன்றைச் செய்தான் என்பது நடந்து முடிந்த ஓர் உண்மை. மாட்டைக் கவர்ந்தவன் அம்மாட்டை எடுக்கின்றான். உரியவன் அதனை வளர்த்தான் என்னும் உண்மையை எடுப்பதில்லை. ஆக்கத்தைக் கவர்ந்தவனோ, உரியவனை நோக்கி, நீ செய்தாயல்லை என்கின்றான். அவன் வாளா இருப்பினும், அவன் செயல் அதனைச் சொல்கின்றது. ஆகலின், இக்குற்றம் களவைக் காட்டிலும் பொய்க்கே நெருங்கிய இனம். பொருளிழந்தவன் மீளவும் பொருளீட்டலாம். தன் செயலை இழந்தவன், தான் வாழ்ந்த வாழ்க்கையின் ஒரு பகுதியையே இல்லையென்று கேட்கின்றான். கேர்ன்ஸ் பொன்னாசையால் வழக்காடினார் என்பார்க்கு இதுவே விடை. போர்ட் கம்பனி 3 கோடி டொலர் வரைக்கும் தர முன்வந்ததென்றும், அவர் அதனை மறுத்தாரென்றும் அவரது வரலாறு எழுதினோர் கூறுவர். பொன்னே குறிக்கோளாயின் அவர் மறுத்திருப்பாரல்லர்.

ஆயினும், அவர் வழியை அப்படியே போற்றுதற்கும் நம் மனம் இடந்தரவில்லை. வழக்கு நீண்டவிடத்து மனைவியார் அவரைப் பிரிந்தனர். மக்கள் தமது இளமைக் காலத்தைத் தந்தையாரின் வழக்குக் கடிதங்களிடையே கழித்தனர். தாமே யாவுஞ் செய்வேமென்று நின்றமையால், குறித்த நாளிற் பத்திரம் கொடாது தவறி, ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய பிற கம்பனிகளின் மீது தொடுத்த வழக்குகளை அவர் இழந்தார். 2005ஆம் ஆண்டில் இறந்தார். நீதியைத் தேடுதல் கடன். இல்லத்தாரைப் பேணுதலும் கடன். ஒரு கடன் மற்றொரு கடனை விழுங்குமாயின், வென்றவனும் முழுதும் வென்றவனாகான்.

இவருக்கு முன்னும் ஒருவர் இவ்வழியிற் சென்று மீளாதொழிந்தார். வானொலியில் இரைச்சலின்றி ஒலி கேட்கும் முறையைக் கண்ட எட்வின் ஆம்ஸ்றோங், அதற்கு 1933ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றவர். ஆர். சி. ஏ. என்னும் பெருங் கம்பனியின் மீது 1948ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்து, பொருளும் உடல்நலமும் தேய்ந்து, 1954ஆம் ஆண்டிலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவியார் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தினார். இறுதி வழக்கு 1967ஆம் ஆண்டில் வெல்லப்பட்டது. வெற்றியைக் காண ஆக்கியோன் இல்லை. இவ்விரு சரித்திரமும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. வழக்கு நீளுங்கால் வலியோன் செலவிடுவது பணம். மெலியோன் செலவிடுவது ஆயுள். ஆதலால், தாமதத்தையே படைக்கலமாகக் கொள்வார், சட்டத்தின் எழுத்தை மீறாராயினும், நீதியை மீறுவோரே யாவர்.

ஆசிரியர்களே! இவை தூரதேசத்துச் செய்திகளென்று விட்டுவிடற்பாலன அல்ல. நூலுக்குப் பாயிரம் உரைத்த நமது இலக்கணநூலார், நூல்செய்தான் பெயரையும் நூல்வந்த வழியையும் சொல்லுதல் வேண்டுமென விதித்தனர். வழிநூல் செய்தல் இழிவன்று. முதனூலை மறைத்தலே இழிவு. இவ்விதியை மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் நாம், நமது பள்ளிக்கூடத்தில் அதனைக் கைக்கொள்கின்றோமா என்று பார்த்தல் வேண்டும். ஓர் இளைய ஆசிரியர் வகுத்த பாடமுறை, பரிசோதகர் முன்னிலையிலே தலைமையாசிரியர் பெயராற் சொல்லப்படுகின்றது. பின்னிருக்கையில் இருக்கும் ஏழைப்பிள்ளை சொன்ன விடையை, முன்னிருக்கையில் இருப்பவன் உரக்கச் சொல்லிப் புகழ் பெறுகின்றான். கண்காட்சிக்குப் பலர் கூடிச் செய்த கருவியில் ஒருவன் பெயர் மாத்திரம் ஒட்டப்படுகின்றது. அப்பிள்ளைகளுக்கு நீதிமன்றம் இல்லை, ஆக்கவுரிமைப் பத்திரமும் இல்லை. ஆசிரியரே அவர்க்கு இரண்டுமாவர்.

செய்தவன் பெயரைச் சொல்லுக. எடுத்தாளுமுன் அவனைக் கேட்க. உரிமை ஒருவனதென்று தெரிந்தால், அவன் நெடுங்காலம் அலையுமுன் ஒப்புக்கொள்ளுக. இம்மூன்றும் பிள்ளைப்பருவத்திலே பழகியவர் நாளைக்குக் கம்பனித் தலைவராயினும், நீதிபதியாயினும், ஆக்கியோனாயினும், கேர்ன்சைப் போல ஒருவர் தமது செயலைத் தமதென்று நிறுவுதற்குத் தமது வாழ்நாளை ஈடுவைக்க வேண்டியது நேராது.